ஒன்றரைச் சாண் லூருக்கு மஸ்கி வருமா?

மஸ்கி மீனுக்கென்று விற்கிற லூர்களை, அதாவது போலி இரைகளை, முதன்முறை கையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இது மீன் பிடிக்கவா, மீனை அடித்துப் போடவா? 13 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைச் சாண் நீளம். அடியில் வரிசையாகத் தொங்கும் மும்முள்கள். தாடைக்குக் கீழே கரண்டி அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உதடு. ரப்பர் லூர்களில் ‘பவுண்டர்’ என்றே ஒன்று உண்டு. பெயருக்கேற்றபடி எடை ஒரு பவுண்டு. இத்தனை பெரிய போலி இரையைப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் மீன் வருமா, மிரண்டு ஓடுமா?

வரும். அந்தப் பதிலில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ‘பெரிய லூர் போட்டால் பெரிய மீன்’ என்று கடையிலும் படகுத்துறையிலும் சொல்கிறார்களே, அதை அப்படியே எடுத்துக்கொண்டால் பணமும் போகும், பருவமும் போகும். ட்ரோலிங்கில், அதாவது லூரைப் படகின் பின்னால் இழுத்து மீன் பிடிப்பதில், லூரின் நீளம் மூன்றாவது நான்காவதாக யோசிக்க வேண்டிய விஷயம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் மீனைப் பற்றி. மஸ்கி வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன். பைக் குடும்பத்தில் மிகப் பெரியது இதுதான். பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, ஒஹாயோ ஆற்றுப்படுகை, மின்னசோட்டா, விஸ்கான்சின், ஒன்டாரியோ ஏரிகள் ஆகியவை இதன் வீடு. நம் ஊர் விரால் போலப் பதுங்கியிருந்து பாய்கிற மீன், ஆனால் நாலடி நீளத்துக்கு வளரும். 50 அங்குலத்தைத் தாண்டிய மஸ்கியைப் பிடித்தவர் அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருப்பார். ‘பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்’ என்று இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. மிகைதான், ஆனால் ஒரு நாள் முழுவதும் வீசி ஒரு கடி கூடக் கிடைக்காமல் திரும்புவது இதில் சாதாரணம்.

அந்தச் சலிப்புக்கு ஒரு மாற்றுதான் ட்ரோலிங். கையால் வீசாமல், ஓடுகிற படகின் பின்னால் லூரை இழுத்துச் செல்வது. தூண்டில் கோல்கள் படகின் ஓரத்தில் பிடிப்பான்களில் நிற்கும். எவ்வளவு நூல் வெளியே போயிருக்கிறது என்று காட்டும் எண்ணியுள்ள ரீல் இருக்கும். படகு மணிக்கு 3 முதல் 5 மைல் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், குளிர்ந்த நீரில் இன்னும் மெதுவாக. வீசுகிறவரின் லூர் ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்ச நேரம் காற்றில் பறக்கிறது, படகருகே வந்து நிற்கிறது. ட்ரோலிங் செய்கிறவரின் லூர் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரிலேயே, வேண்டிய ஆழத்திலேயே இருக்கிறது. பரந்த ஏரியில் மீனைத் தேடிப் போக இதைவிடச் சோம்பேறித்தனமான, இதைவிடத் திறமையான வழி இல்லை.

சரி, ‘மிகப் பெரிய லூர்’ என்றால் யாருக்குப் பெரியது? நம் கைக்குப் பெரியது. மீனின் வாய்க்கு?

வடக்கு விஸ்கான்சின் ஏரிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மஸ்கிகளின் இரைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்து 1999-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி மஸ்கி தின்ற மீன்களின் நீளம் அதனதன் சொந்த நீளத்தில் 6 சதவீதத்திலிருந்து 47 சதவீதம் வரை இருந்தது. மஸ்கி பெரிதாகப் பெரிதாக இரையும் பெரிதானது. மஞ்சள் பெர்ச்சும் சக்கர் மீன்களும்தான் முக்கியச் சாப்பாடு. இதை 48 அங்குல மஸ்கிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3 அங்குலக் குஞ்சிலிருந்து 22 அங்குல மீன் வரை அது விழுங்கக்கூடியதே. 13 அங்குல லூர் அதன் நீளத்தில் 27 சதவீதம்தான். நம் கண்ணுக்கு அசுரத்தனமாகத் தெரிவது அந்த மீனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. 36 அங்குல மஸ்கிக்குக்கூட 36 சதவீதம், எல்லைக்குள்தான் வருகிறது. ஆகவே, லூரைப் பார்த்து மீன் மிரளும் என்ற பயத்தை முதலிலேயே விட்டுவிடலாம். தன் உடம்பில் பாதி நீளமுள்ள லூரைச் சின்ன மஸ்கி பாய்ந்து கவ்வுவதும் நடக்கிறதுதான்.

ஆனால் அந்த ஆய்வை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். 47 சதவீதம் உச்சம். அன்றாடச் சாப்பாடு அல்ல. அதே நாலடி மீன் 6, 7 அங்குல பெர்ச்சையும் தின்கிறது. விழுங்க முடியும் என்பதாலேயே எப்போதும் பெரியதைத்தான் தேடிப் போகும் என்று ஆகிவிடாது. மஸ்கியின் நெருங்கிய உறவான பைக்கை வைத்துச் செய்த சோதனைகளில், வாய் கொள்ளக்கூடிய அதிகபட்ச அளவைவிடச் சிறிய இரையையே அது விரும்பியது. காரணம் புரியக்கூடியதுதான். இந்தக் குடும்பத்து மீன்கள் இரையைக் குறுக்கே கவ்வி, பிறகு மெல்லத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்குகின்றன. இரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் அது வாயிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் அது தப்பலாம், இன்னொரு பைக் வந்து பிடுங்கலாம், அல்லது அந்த இன்னொன்று இதையே தின்றுவிடலாம். தன் இனத்தையே தின்கிற குடும்பம் அது.

இன்னொன்று: வாய்க்குள் போகுமா என்பதைத் தீர்மானிப்பது இரையின் நீளம் இல்லை, முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையிலான உயரம். ஒல்லியான 13 அங்குல லூரும், தட்டையாக அகன்ற 9 அங்குல லூரும் அதன் வாய்க்கு ஏறக்குறைய ஒரே பிரச்சினைதான். கடையில் அட்டையில் நீளத்தை மட்டும் பெரிதாக அச்சிடுகிறார்கள். பக்கவாட்டில் எவ்வளவு உயரம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பெரிய லூருக்கு ஆதரவான பக்கம். மஸ்கி கண்ணால் மட்டும் வேட்டையாடுவதில்லை. உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு நீரின் அசைவை வாங்குகிறது. கீழ்த்தாடையின் அடியில் வரிசையாக உணர்துளைகள் வேறு இருக்கின்றன, ஒரு பக்கத்துக்கு 6 முதல் 9 வரை. பைக்குக்குப் பெரும்பாலும் 5 அல்லது குறைவு. இரண்டையும் பிரித்தறிய இந்தத் துளைகளை எண்ணுவதே பழைய வழி. பெரிய லூர் அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது, அதன் ஆட்டமும் அகலம். கலங்கல் நீரில், இருட்டில், பெருங்காற்றடிக்கும் நாளில் அது தூரத்திலிருந்தே தெரியவரும். கண்ணுக்கெட்டும் தூரம் மூன்று நான்கு அடியாகச் சுருங்கிப்போன ஏரியில் இது சின்னச் சலுகை இல்லை.

ட்ரோலிங்குக்கு மட்டுமே உரிய ஒரு சலுகையும் உண்டு. பவுண்டரை ஒரு நாள் முழுக்கக் கையால் வீசிப் பார்த்தவர்களுக்கு மறுநாள் காபிக் கோப்பையைத் தூக்குவதே பாடு. இழுக்கும்போது பாரம் படகுக்கு. மிகப் பெரிய லூர்களை நாள் முழுவதும் தண்ணீரில் வைத்திருக்க நியாயமான வழி ட்ரோலிங்தான் என்பேன்.

ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். மீனுக்கு லூர் பெரிதா என்று கவலைப்படுகிறவர்கள், தங்கள் கோலுக்கு அது பெரிதா என்று யோசிப்பதில்லை. நீரின் இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 3 மைலில் இழுத்த லூரை 4.5 மைலில் இழுத்தால் வேகம் ஒன்றரை மடங்குதான், இழுவை இரண்டேகால் மடங்கு. 8 அங்குல லூரில் இது பெரிதாகத் தெரியாது. அகன்ற உதடுள்ள 13 அங்குல லூரில் கோல் வில்லாக வளைந்து நிற்கும், பிடிப்பான் முனகும், ரீல் தானாக நூலை விடத் தொடங்கும். அது நிற்கட்டும் என்று ரீலின் பிரேக்கை இறுக்குவோம். அந்த இறுக்கத்தில் மீன் அடித்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடலாம். நூலைப் பக்கவாட்டில் தூரமாகக் கொண்டு போகிற பிளேனர் பலகையும் சிக்கல்தான்; பெரிய லூரின் இழுவையில் சின்னப் பலகை வெளியே போகாமல் பின்னுக்கே வந்துவிடும். படகின் இருபுறமும் விரித்து வைத்த நூல்கள் நடுவில் வந்து பின்னிக்கொள்ளும். அந்தச் சிக்கை நவம்பர்க் குளிரில் கையுறையைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேகம் ஏறினால் இன்னொரு தொல்லை. பெரிய உதடுள்ள பல லூர்கள் ஒரு வேகத்துக்கு மேல் நேராக ஓடாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மேற்பரப்புக்கு வந்துவிடும். மூக்கிலுள்ள கண்ணியைக் குறட்டால் மயிரிழை வளைத்துச் சரிசெய்யலாம், ஆனாலும் எல்லை எல்லைதான். அதாவது பெரிய லூரைத் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே உங்கள் வேகத்துக்கு ஒரு கூரை போட்டுவிடுகிறீர்கள்.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? மிச்சிகனுக்கும் ஒன்டாரியோவுக்கும் நடுவில் இருக்கும் செயின்ட் கிளேர் ஏரியைப் பாருங்கள். சராசரி ஆழம் சுமார் 11 அடி. அந்தப் பரப்புக்கு இது தாம்பாளம்தான். மஸ்கி எண்ணிக்கையில் உலகப் பேர் பெற்ற ஏரி, ட்ரோலிங்குக்கு ஒரு பள்ளிக்கூடம். அங்கே கோடையில் படகோட்டிகள் வேகமாக, மணிக்கு 4, 5 மைலில் ஓடுவார்கள். சில லூர்கள் படகுக்குப் பின்னால் வெறும் பத்துப் பதினைந்து அடியிலேயே, விசிறி கிளப்பும் நுரைக்குள்ளேயே இருக்கும். அந்த லூர்களில் பல 5 முதல் 8 அங்குலம்தான். இஞ்சினின் இரைச்சலைப் பொருட்படுத்தாமல் மஸ்கி அந்த நுரைக்குள் பாய்ந்து வந்து அடிக்கிறது. அந்த வேகத்தில் போகிற பொருளை நின்று நிதானித்து அளந்து பார்க்க அதற்கு நேரமில்லை. பிடிக்கிறதா விடுகிறதா, ஒரே கணம். வெதுவெதுப்பான நீரில், மீனின் உடல் சுறுசுறுப்பாக இருக்கும்போது, அந்தக் கணத்தை உண்டாக்குவது வேகம், அளவு இல்லை. கோடையில் 13 அங்குல லூரை 3 மைலில் இழுப்பதைவிட 7 அங்குல லூரை 4.5 மைலில் இழுப்பதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கூடுதல் வேகத்தில் அதே மணி நேரத்தில் கூடுதல் ஏரியும் தேடியாகிவிடுகிறது.

இலையுதிர் காலம் வந்தால் கதை மாறும். நீர் குளிர்கிறது, மீன் மந்தமாகிறது, படகின் வேகம் 3 மைலுக்கும் கீழே இறங்குகிறது. வசந்தத்தில் பிறந்த பெர்ச், சக்கர்க் குஞ்சுகள் கோடை முழுக்கத் தின்று வளர்ந்துவிட்டன. அதற்கு மேல் சிஸ்கோ. குளிர்நீரை விரும்பும் கொழுப்பு மீன் அது, நல்ல ஏரிகளில் ஓர் அடியைத் தாண்டி வளரும். கோடையில் ஆழத்தில் கிடந்துவிட்டு, நீர் குளிரும் நவம்பரை ஒட்டிப் பாறைத் திட்டுகளுக்கு முட்டையிட ஏறி வரும். பெரிய பெண் மஸ்கிகள் அதன் பின்னாலேயே வரும். மஸ்கியில் உருவத்தில் பெரியவை எப்போதும் பெண்கள்தான்; வசந்தத்தில் இடப்போகும் முட்டைகளை இப்போதே வளர்த்துக்கொண்டிருக்கும். இந்த வாரங்களில், இந்தத் திட்டுகளின் ஓரத்தில், 13 அங்குல லூர் ‘மிகப் பெரியது’ அல்ல. எதிரில் நீந்துகிற சிஸ்கோவின் சரியான அளவு. வேகம் குறைவாக இருப்பதால் இழுவைப் பிரச்சினையும் பாதியாகிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஆழ்நீர் ஓரங்களில் பெரிய மர, பிளாஸ்டிக் லூர்களை இழுக்கிறவர்கள் செய்வதும் இதைத்தான். பிலீவர், ஜேக், கிராண்ட்மா என்று மஸ்கிக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் லூர்களின் பெரிய அளவுகள் வெளியே வருகிற காலம் இது. ரப்பர் லூர்களையும் அப்போது மெதுவாக இழுப்பார்கள்.

இங்கேதான் ‘பெரிய லூர், பெரிய மீன்’ கதையின் முடிச்சு. மிகப் பெரிய லூர்களை இழுப்பவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள். பெரிய மீன் இருக்கும் நீர்நிலைக்கு, பெரிய மீன் திரளும் மாதத்தில், மற்றவர்கள் படகைக் கொட்டகையில் ஏற்றிய பிறகு போகிறவர்கள். அவர்கள் கையில் 50 அங்குல மீனும், மீனின் வாயில் 13 அங்குல லூரும் இருக்கும் புகைப்படத்தை நாம் பார்க்கிறோம். லூர் அந்த மீனைக் கொண்டு வந்ததா, இடமும் மாதமும் கொண்டு வந்ததா? அதே திட்டின் ஓரத்தில் 8 அங்குல லூர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் படம் சொல்லாது. 8-ஐக் கழற்றிவிட்டு 13-ஐப் போடும்போது நீளம் மட்டும் மாறுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதடு பெரிதாகிறது, லூர் போகும் ஆழம் மாறுகிறது, ஆட்டம் மெதுவாகிறது. ‘பெரியதைப் போட்டதும் அடித்தது’ என்று சொல்கிறவரின் லூர் ஐந்தடி கூடுதல் ஆழத்துக்குப் போனதுதான் காரணமாக இருக்கலாம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று. மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கி சாதனை 58 பவுண்டு. 2012 அக்டோபரில் பெல்லேர் ஏரியில் பிடிபட்ட மீன் அது. பிடித்தவர் மஸ்கிக்கே போகவில்லை. ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்கச் சின்ன உயிர்மீனைக் கோத்துப் போட்டிருந்தார். நூலும் பாஸுக்கான மெல்லிய நூல். மாநிலத்தின் மிகப் பெரிய மஸ்கி பாஸுக்குப் போட்ட இரைக்கு வாய் திறந்தது. இதை வைத்து எல்லோரும் குஞ்சு மீன் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அந்தப் புகைப்படக்காரர்களின் தப்பையே செய்கிறேன். பெரிய மஸ்கி சின்ன இரையை ஒதுக்கிவிடும் என்ற பேச்சு மட்டும் இதில் அடிபட்டுப் போகிறது.

முள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மஸ்கி நடுவுடம்பில் கவ்வும் மீன். பெரிய மர லூரில் அதன் பற்கள் மரத்தில் பதிந்துகொண்டால் லூர் வாய்க்குள் நகராது. நகராவிட்டால் முள் ஏறாது. வீசுகிறவர் கோலை வெட்டி இழுத்து இதைச் சமாளிப்பார்; ட்ரோலிங்கில் முள்ளை ஏற்றுவது படகின் ஓட்டம்தான். அதனால் பெரிய லூரில் முள் ஊசிக்கூர்மையாக இருக்க வேண்டும், நூல் நீட்சியில்லாத பிரெய்டாக (பின்னிய நூலாக) இருக்க வேண்டும், 80 பவுண்டுக்குக் குறையாமல். மஸ்கியின் பல் நூலை அறுக்காமலிருக்க, நூலுக்கும் லூருக்கும் நடுவில் லீடர் என்ற துண்டாகக் கம்பியோ தடித்த ஃபுளூரோகார்பன் இழையோ வேண்டும். ஏறிய முள் கழன்று போவதும் பெரிய லூரில் அதிகம். மீன் தலையை உதறும்போது லூரின் கனமே நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்கிவிடுகிறது. சின்ன லூருக்கும் ஒரு குறை இருக்கிறது. அது முழுதாக வாய்க்குள் போய்ச் செவுள் பக்கம் மாட்டலாம். மீனுக்கு அது ஆபத்து.

அப்படியானால் புதிதாகத் தொடங்குகிறவர் எதை வாங்குவது? டொராண்டோ பக்கத்துத் தமிழர்களுக்கு மிக அருகில் இருக்கும் மஸ்கி நீர் கவார்த்தா ஏரிகள். பக்ஹார்ன், பிஜியன், ரைஸ், கொஞ்சம் மேற்கே ஸ்கூகாக். ஆழம் குறைவு, களைச்செடி அதிகம். மஸ்கிகள் எண்ணிக்கையில் நிறைய, உருவத்தில் நடுத்தரம். அங்கே 13 அங்குல லூர் வாங்குவது கல்யாணத்துக்குப் போகிறவர் அண்டாவைச் சுமந்துகொண்டு போவது மாதிரி. 6 முதல் 8 அங்குலத்தில் இரண்டு லூர் போதும். ஒன்று களைக்கு மேலே மேலோட்டமாக ஓடுவது, இன்னொன்று களையின் வெளியோரத்தில் ஆழமாக ஓடுவது. நிறத்துக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம்; பெர்ச் நிறத்தில் ஒன்று, பளிச்சென்று ஒன்று. செயின்ட் லாரன்ஸ், ஜார்ஜியன் விரிகுடா என்று போகிற நாள் வரும்போது 10 அங்குலம். 13-ஐ அக்டோபர் பாதி தாண்டும் வரை கடையிலேயே விட்டு வையுங்கள்.

ஒரே படகில் பல கோல் வைக்க முடிந்தால் பெரியதையும் சின்னதையும் ஒன்றாக ஓட்டி மீனிடமே கேட்டுவிடலாம். இது எங்கே மீன் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விஸ்கான்சினில் பெரும்பாலான இடங்களில் ஒருவர் மூன்று தூண்டில் வைக்கலாம். மின்னசோட்டாவில் பனி உறையாத திறந்த நீரில் பொதுவாக ஒன்றுதான். ஒன்டாரியோவிலும் பொதுவாக ஒன்றுதான், சில இடங்களில் விதிவிலக்கு உண்டு. ஆகவே ஒன்டாரியோவில் இரண்டு பேராகப் போனால் ஒருவர் 7, இன்னொருவர் 10 என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஆழத்தில் ஓட வைக்கப் பாருங்கள். இல்லாவிட்டால் அளவைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு ஆழத்தைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். லூரை விடும் முன் படகின் ஓரத்தில் இரண்டு நிமிடம் நனைத்து, நேராக ஓடுகிறதா, வால் துடிக்கிறதா என்று பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஓர் இழை களை மாட்டினாலே பெரிய லூர் செத்துவிடும், கோலின் நுனி வழக்கம் போலத் துடிக்காமல் சும்மா வளைந்தே நின்றால் அதுதான் அறிகுறி.

பெரிய லூரோடு சேர்த்து வாங்க வேண்டிய இரண்டு பொருள்கள்: ஆழமான பெரிய வலை, தடித்த முள்ளை வெட்டுகிற குறடு. மஸ்கியைப் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் திருப்பி விட்டுவிடுவார்கள். மின்னசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளவே கூடாது. மூன்று மும்முள் என்றால் ஒன்பது முனை. ஒன்று மீனின் தாடையில், இன்னொன்று வலையில், மூன்றாவது உங்கள் கையில் என்பதற்கு ஒரு உதறல் போதும். மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, கழற்ற முடியாத முள்ளைப் பாவம் பார்க்காமல் வெட்டிவிட வேண்டும். நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கும் ஆடிமாத வெயிலில், எந்த அளவு லூராக இருந்தாலும், மஸ்கிக்குப் போகாமல் இருப்பதே மேல். பிடித்து விட்டாலும் அந்தச் சூட்டில் அது பிழைப்பது கஷ்டம். அந்த வாரங்களுக்கு பாஸ் இருக்கிறது, வால்ஐ இருக்கிறது.